முதுகில் நீர்க்கட்டியும் இரத்தத்தில் இரும்புக் குறைவும்: ஒரே பேரேட்டில் எழுதலாமா?



கடைக்கணக்கில் ஒரே மாதத்தில் இரண்டு இடங்களில் குறைவு தென்பட்டால், ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று எடுத்த எடுப்பில் நாம் சொல்லிவிடுவதில்லை. கிடங்கில் மூட்டை குறைந்ததற்கு எலி காரணமாக இருக்கலாம். கல்லாவில் பணம் குறைந்ததற்குக் கடன் சிட்டை விடுபட்டது காரணமாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே சரிபார்த்த பிறகே தொடர்பு உண்டா இல்லையா என்று முடிவு கட்டுவோம். சரக்கு விஷயத்தில் இந்த நிதானம் நம்மவர்களுக்கு நிறையவே உண்டு. உடம்பு விஷயத்தில்தான் அது காணாமல் போய்விடுகிறது.

வரி, உரிமம், தராசு முத்திரை என்று எழுதி வரும் பக்கத்தில் இந்த முறை உடம்பைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் இருக்கும் நம் ஓரிக்கையில், மண்டிக்கு வரும் சில்லறை வணிகர்கள் வண்டியில் சரக்கு ஏறும் வரை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். முன்பெல்லாம் மழையும் மிளகாய் விலையும் பேச்சாக இருக்கும். இப்போது பாதிப் பேச்சு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும்தான். அந்தப் பேச்சில் நாம் பலமுறை கேட்ட கேள்வி இது:

"முதுகுத்தண்டில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று இன்னொரு சீட்டில் எழுதியிருக்கிறது. கட்டிதான் இரத்தத்தைக் குடிக்கிறதா? இல்லை, இரும்பு குறைந்ததால்தான் கட்டி வந்ததா?"

நாம் மருத்துவர் அல்ல, மண்டிக்காரர். படித்ததும் பள்ளிப் படிப்புதான். ஆனாலும் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை நம் தொழில் பாஷையிலேயே எடுத்துச் சொன்னால் பத்துப் பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது. சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாதாரண நீர்க்கட்டி இரும்பைக் குறைக்காது. இரும்புக் குறைவு நீர்க்கட்டியை உண்டாக்கும் என்றும் காட்டப்படவில்லை. ஆனால் முதுகு வலியையும் இரும்புக் குறைவையும் இணைக்கும் வேறு வழிகள் சில உண்டு. அவற்றில் ஒரு வழி நம் கடைகளின் வழியாகவே போகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கட்டி என்றால் எந்தக் கட்டி?

கடைக்கு வந்து "எண்ணெய் கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டால், நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா, விளக்கெண்ணெயா என்று கேட்காமல் நாம் ஊற்றுவதில்லை. "கட்டி" என்ற சொல்லும் அப்படித்தான். நீர்க்கட்டியும் கட்டிதான், சீழ்க்கட்டியும் கட்டிதான், புற்றுக்கட்டியும் கட்டிதான். ஸ்கேன் சீட்டில் உள்ளது எது என்று கேட்டுத் தெளிவதே முதல் வேலை.

முதுகுத்தண்டில் அதிகமாகக் காணப்படும் நீர்க்கட்டிகளில் ஒன்றுக்கு டார்லோவ் கட்டி என்று பெயர். அமெரிக்க நரம்பு அறுவை நிபுணர் ஐசடோர் டார்லோவ் 1938-ல் இதை விவரித்து எழுதினார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று ஓடுகிறது. முதுகின் அடிப்பகுதியில், நரம்பு வேர் புறப்படும் இடத்தில், அந்த நீர் சிறு பை போலத் தேங்குவதே இந்தக் கட்டி. பெரும்பாலானவர்களுக்கு இது எந்தத் தொல்லையும் தருவதில்லை. வேறு எதற்கோ எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படுகிறது. சிலருக்கு மட்டும் கட்டி பெரிதாகி நரம்பை அழுத்தி, இடுப்பிலும் காலிலும் வலி, மரமரப்பு உண்டாக்கும்.

இன்னொரு வகை, முதுகெலும்பின் சிறு மூட்டுகள் வயதாகித் தேய்வதால் மூட்டு ஓரத்தில் உண்டாகும் கட்டி. வேறொரு வகை, தண்டுவடத்தின் உறையிலேயே நீர் தேங்குவது. இப்படிப் பெயர்கள் பல இருந்தாலும் இவற்றுக்குள் இருப்பது நீரோ, மூட்டில் ஊறும் வழவழப்பான திரவமோதான். உடம்பின் இரத்தத்தை இழுத்துச் சேர்த்து வைக்கும் கிடங்கு அல்ல இவை. "கட்டி இரத்தத்தைக் குடிக்கிறது" என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

இரும்பின் வரவு செலவு

சரி, இரும்பு எங்கே போகிறது? இதற்கு உடம்பு எழுதும் ஐந்தொகையைப் பார்க்க வேண்டும்.

வளர்ந்த மனிதர் உடம்பில் உள்ள மொத்த இரும்பு ஏறத்தாழ மூன்று முதல் நான்கு கிராம். ஒரு சிறிய ஆணியின் எடைதான். இதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களில், ஹீமோகுளோபின் என்ற பொருளாக இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி கல்லீரல் முதலிய இடங்களில் இருப்பாக இருக்கிறது. அந்தக் கிடங்கு இருப்பு ஆண்களுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம். பெண்களுக்கு அதைவிட மிகவும் குறைவு.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பழைய அணு உடைந்தால் அதிலுள்ள இரும்பை உடம்பு வீணாக்குவதில்லை. பழைய சாக்கை உதறித் திரும்பப் பயன்படுத்தும் சிக்கனக்கார வணிகரைப் போல, நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் வரை திரும்ப எடுத்துப் புதிய அணு செய்கிறது. வெளியிலிருந்து தினமும் வாங்கும் சரக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். தினசரிச் செலவும் அவ்வளவே. மொத்தப் புழக்கம் பெரிது, கொள்முதல் மிகச் சிறிது. இதுதான் இந்தக் கணக்கின் சூட்சுமம்.

இப்போது ஒரு சின்னக் கசிவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் ஒரு மில்லிகிராம் இரும்பு உண்டு. வயிற்றில் புண் இருந்து தினமும் இரண்டு தேக்கரண்டி, அதாவது பத்து மில்லிலிட்டர் இரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். போகும் இரும்பு ஐந்து மில்லிகிராம். வருவது இரண்டு. நாளுக்கு மூன்று மில்லிகிராம் பற்றாக்குறை என்றால், ஓர் ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டும். ஆணின் கிடங்கே அதோடு காலி. இவ்வளவு சிறிய கசிவு மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. வலியும் இருக்க வேண்டியதில்லை.

கிடங்கு காலியான பிறகுதான் கடை முகப்பில் சரக்கு குறையும். பரிசோதனையில் ஃபெரிட்டின் என்பது கிடங்கு இருப்பைக் காட்டுவது. ஹீமோகுளோபின் என்பது கடை முகப்பைக் காட்டுவது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும் இருந்தால் சோகை. முகப்பு நிறைந்திருக்கும்போதே கிடங்கு காலியாக இருக்கக்கூடும். ஆகவே களைப்பு தீராதவர்கள் ஹீமோகுளோபின் ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

இரண்டும் சேர்ந்து வருவது எப்படி?

முதல் காரணம், இரண்டுமே பலருக்கு இருப்பது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. இந்தியா முழுவதும் 57 சதவீதம். நாட்டில் அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 25 பேர். இந்தச் சோகை அனைத்தும் இரும்பால் வந்ததல்ல, ஆனாலும் இரும்புக் குறைவுக்குப் பெரும் பங்கு உண்டு. டார்லோவ் கட்டியும் பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. பாதிப் பேருக்கு உள்ள ஒரு குறையும், ஸ்கேன் எடுத்தால் சிலரிடம் தற்செயலாகத் தெரியும் ஒரு கட்டியும் ஒரே ஆளிடம் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. சந்தை நாளும் மழையும் ஒன்றாக வந்தால், சந்தையால் மழை வந்ததாக யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது காரணம், வலி மாத்திரை. இதைத்தான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் வலியை அடக்குகின்றன. அதே மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் பூச்சையும் குறைத்துவிடுகின்றன. மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையிலும் குடலிலும் புண் வந்து இரத்தம் கசியும். வயது அறுபதைத் தாண்டியவர்களுக்கும், முன்பே குடற்புண் இருந்தவர்களுக்கும், மது அருந்துபவர்களுக்கும், இதயத்துக்காக ஏற்கனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறை வணிகர், பல வருஷம் மூட்டை தூக்கி முதுகு வலி கண்டவர். வலிக்குத் தினம் ஒரு மாத்திரை. பிறகு மாடி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஸ்கேனில் நீர்க்கட்டி, இரத்தத்தில் இரும்புக் குறைவு. கட்டிதான் காரணம் என்று எண்ணிச் சத்து டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டு, வலி மாத்திரையையும் தொடர்ந்தார். ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய கதைதான். இரைப்பையைக் குழாய் விட்டுப் பார்த்தபோது புண் தெரிந்தது. மாத்திரையை நிறுத்திப் புண்ணை ஆற்றிய பிறகே இரும்பு ஏறியது. கட்டி இன்னும் அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது. அவரும் கடை நடத்துகிறார்.

மூன்றாவது காரணம், பெண்களின் மாதவிலக்கில் அதிக உதிரப் போக்கு. கருப்பையில் நார்க்கட்டி இருந்தால் உதிரப் போக்கும் மிகும், இடுப்பும் வலிக்கும். அங்கே இரும்புக் குறைவுக்கும் இடுப்பு வலிக்கும் ஒரே மூலம் இருக்கிறது. அது முதுகெலும்பில் இல்லை, கருப்பையில் இருக்கிறது. முதுகு ஸ்கேனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரியாது. வீட்டுப் பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார்கள். குடும்பத் தலைவர்கள் பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நல்லது.

நான்காவது, மூலம். கல்லாவில் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருப்பவர்கள் நாம். தண்ணீர் குடிப்பதில்லை, வந்த அவசரத்தை அடக்கிவைக்கிறோம். முதுகு வலியும் மூலமும் ஒரே நாற்காலியில் வளர்கின்றன. மூலத்தில் இரத்தம் போய்க்கொண்டே இருந்தால் இரும்பு குறையும். ஆனால் மலத்தில் இரத்தம் வந்தாலே மூலம்தான் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. பெருங்குடல் புற்றும் அதே அடையாளத்தோடு வரும். நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்கு மேல் காரணம் தெரியாமல் இரும்பு குறைந்தால், இரைப்பையையும் பெருங்குடலையும் பார்க்கச் சொல்லி மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

வேறு சத்துக் குறைவும் வேறு நோயும்

இரும்புக் குறைவு காலில் ஒரு தொல்லையைத் தரும். இரவில் படுத்தால் காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல், ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும். எழுந்து நடந்தால் தேவலை போல இருக்கும். இதை நரம்பு அழுத்தம் என்று எண்ணி, கட்டியின் மேல் பழி போடுபவர்கள் உண்டு. ஃபெரிட்டின் குறைவாக உள்ளவர்களுக்கு இரும்பு கொடுத்தாலே இது பலருக்குக் குறைகிறது.

உள்ளங்கால் மரத்துப்போவது, மெத்தையில் நடப்பது போலத் தோன்றுவது, இருட்டில் தடுமாறுவது ஆகியவை வேறு கதை. வைட்டமின் பி-12 குறைந்தால் சோகையும் வரும், தண்டுவட நரம்பும் கெடும். இரத்தத்தையும் தண்டுவடத்தையும் ஒருங்கே கெடுக்கும் சத்துக் குறைவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான், இரும்பு அல்ல. பி-12 பால், முட்டை, மீன், இறைச்சியில் கிடைப்பது. மரக்கறி மட்டும் உண்டு பாலும் குறைத்துக்கொண்டவர்கள், நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் இதைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். காலம் தாழ்த்தினால் நரம்பின் கேடு முழுதும் திரும்பாது.

சோகை எல்லாம் இரும்பால் வருவதல்ல என்பது நம் நாட்டிலேயே கண்டறியப்பட்ட செய்தி. 1928-ல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாயின் துணி ஆலைத் தொழிலாளப் பெண்களின் சோகையை ஆராய்ந்தார். நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஒரு சத்து அந்தச் சோகையைத் தீர்ப்பதாக 1931-ல் எழுதினார். பிற்காலத்தில் அது ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. இன்று கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு அதுவும் சேர்ந்திருப்பதற்கு அந்த உழைப்பே தொடக்கம்.

கட்டியும் சோகையும் உண்மையிலேயே ஒரே நோயால் வரும் இடமும் உண்டு. அது நீர்க்கட்டி அல்ல. முதுகெலும்பில் காசநோய் தாக்கினால் எலும்பு அரித்து, பக்கத்தில் சீழ்க்கட்டி சேரும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை, சோகை எல்லாம் கூடவே வரும். இப்படி நாள்பட்ட நோயில், கிடங்கில் இரும்பு இருந்தாலும் உடம்பு அதைப் பூட்டி வைத்துவிடும். அங்கே இரும்பு டானிக் பயன் தராது, நோயைத் தீர்க்க வேண்டும். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் காசநோய் குணமாகும் என்று உலகுக்குக் காட்டியது. முதுகெலும்புக் காசநோய்க்கும் பெரும்பாலோருக்கு மருந்தே போதும் என்று பின்னர் ஆய்வில் காட்டியதும் அந்த நிலையமே. அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து இலவசம்.

வயதானவர்களுக்கு இன்னொன்று. இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை முதுகெலும்பிலும் இருக்கிறது. அந்த மஜ்ஜையில் புற்று வந்தால் முதுகு வலியும் சோகையும் சேர்ந்தே வரும். அறுபது வயதில் புதிதாக முதுகு வலி வந்து, சோகையும் தென்பட்டால், வயதுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமலே நின்றுவிடுவது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி மரத்துப்போவது, கால் சட்டென்று வலுவிழப்பது ஆகியவை நரம்பு அழுத்தத்தின் அபாய அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடையை அடைத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கக் கூடாது.

தார் போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி, நெஞ்சு வலியோடு மூச்சிரைப்பு ஆகியவையும் அப்படியே. இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மலம் கறுப்பாகவே போகும். அது மாத்திரையின் இயல்பு. ஆனாலும் தார் போல ஒட்டும் தன்மையும் கடும் நாற்றமும் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் பதற்றப்பட வேண்டியதில்லை. செய்ய வேண்டியது எளிது. ஸ்கேன் சீட்டையும் இரத்தச் சீட்டையும் ஒரே மருத்துவரிடம் ஒன்றாகக் காட்ட வேண்டும். கட்டியை ஒருவரிடமும் சோகையை இன்னொருவரிடமும் காட்டினால் இரண்டு பேரேடும் ஒன்று சேராது. காட்டும்போது நான்கு கேள்விகள் கேட்கலாம். இது எந்த வகைக் கட்டி? என் வலி இந்தக் கட்டியால்தான் வருகிறதா? என் இரும்பு எந்த வழியில் போகிறது? நான் சாப்பிடும் மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்? காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையிலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கெல்லாம் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

இதய நோய்க்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. அதை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

நம் கடைகளின் பங்கு

இனி நம் தொழிலுக்கு வருவோம். குழித்தறியில் நாள் முழுவதும் குனிந்திருக்கும் நெசவாளர்களும், மூட்டை தூக்கும் தொழிலாளர்களும், நாற்று நடும் பெண்களும் நம் வாடிக்கையாளர்கள். மாலையில் கடைக்கு வந்து "உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை கொடுங்கள்" என்பார்கள். சில கடைகளில் ஜாடிக்குள்ளிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. வாங்குபவர் நம்மை நம்பி விழுங்குகிறார். அது எதனால் ஆனது, எத்தனை நாள் சாப்பிடலாம், வயிற்றுப் புண் உள்ளவர் சாப்பிடலாமா என்பது நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில், உரிமம் இல்லாத கடைக்காரர் சில வீட்டு மருந்துகளை மட்டும் விற்க விலக்கு உண்டு. அதுவும் ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமத்தில், பிரிக்காத மூல உறையோடு விற்க வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்றவை அந்தப் பட்டியலில் இல்லை. ஓரிக்கை போன்ற பெரிய ஊர்க் கடைகளுக்கு அந்த விலக்கே பொருந்தாது. சட்டத்தை விடுங்கள். இரண்டு ரூபாய் லாபத்துக்காக நம் வாடிக்கையாளர் இரத்தம் கசியக் காரணமாக நாம் இருக்கலாமா? இந்த வியாபாரத்தை விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம்.

கடைக்காரர் கண்ணில் மட்டும் படும் ஓர் அடையாளமும் உண்டு. வீட்டில் பள்ளிப் பிள்ளை இல்லாத பெண் அடிக்கடி பல்பம் வாங்கினால், அரிசி மூட்டை அருகே நின்று பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றால், அது வெறும் பழக்கமாக இல்லாமல் இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். கேலி செய்யாமல், "அம்மா, ஒரு தடவை இரத்தம் சோதித்துப் பாருங்கள்" என்று தணிந்த குரலில் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லுக்கு எந்த டானிக்கும் ஈடாகாது.

சரக்கு அறிந்து விற்போம்

வெல்லமும் பேரீச்சையும் இரத்தம் ஊறச் செய்யும் என்று சொல்லி விற்பது நம் வழக்கம். அவற்றில் இரும்பு சிறிதளவு உண்டு, நல்ல உணவுதான். ஆனால் கிடங்கு காலியான ஒருவருக்கு அவை மட்டும் போதாது. அவற்றை நம்பி மாத்திரையை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லி விற்பதே நேர்மை.

கம்பு, கொள்ளு, காராமணி, எள், கீரை வகைகளில் இரும்பு உண்டு. தாவர இரும்பை உடம்பு குறைவாகவே ஏற்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவை கூட இருந்தால் கூடுதலாக ஏற்கும். இறைச்சி, மீன் சாப்பிடுபவர்களுக்கு அவற்றின் இரும்பு எளிதில் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு சேர்வது குறையும். தேயிலை விற்கும் நாமே சொல்கிறோம், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியின் இரும்பு சிறிது குழம்பில் இறங்கும். பழைய பாத்திரத்தைக் கழித்துக்கட்டியவர்கள் யோசிக்கலாம்.

உப்பிலும் இரும்பு வந்திருக்கிறது. குன்னூரில் தொடங்கி 1958-ல் ஐதராபாத்துக்குப் போன ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப்படுகிறது. அயோடினும் இரும்பும் சேர்ந்த உப்பை அவர்கள் உருவாக்கினார்கள். தமிழ்நாடு உப்புக் கழகம் அத்தகைய உப்பைத் தயாரித்து, 2014-ல் கடை விற்பனைக்கும் கொண்டுவந்தது. உப்பு மலிவு, எல்லா வீட்டிலும் செல்லும். ஆனாலும் இதுவும் தடுப்புக்குத்தான், நோய் முற்றியவருக்கு மருந்து ஆகாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரும்புக்காக உப்பைக் கூட்டவும் கூடாது.

மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தால், களைப்பு தீர்ந்தவுடன் நிறுத்திவிடக் கூடாது. முகப்பு நிறைந்த பிறகு கிடங்கு நிறைய மேலும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மிட்டாய் என்று பல மாத்திரை விழுங்கிய குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. தலசீமியா போன்ற பரம்பரைச் சோகை உள்ளவர்கள் இரும்பு இருப்பைச் சோதிக்காமல் மாத்திரை சாப்பிடக் கூடாது.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வைத்து, நோயின் மூலத்தைத் தேடிய பிறகே தீர்க்கும் வழியைத் தேடச் சொன்னார். கணக்குப் பிள்ளைக்கும் அதுவே விதி. குறைந்தது எவ்வளவு என்பதோடு நிற்காமல், எந்த வழியில் குறைந்தது என்று பார்க்க வேண்டும். முதுகில் உள்ள நீர்க்கட்டியைத் தனிப் பக்கத்தில் எழுதுவோம். இரும்புக் குறைவை வேறு பக்கத்தில் எழுதி, கசிவைத் தேடுவோம்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மே 5 அன்று வணிகர் தினம் கொண்டாடுகிறோம். கடை அடைத்து ஊரே கூடும் அந்த நாளில், ஒரு மேசை போட்டு ஹீமோகுளோபின் சோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். வணிகர்கள் மட்டுமின்றி, வீட்டுப் பெண்களும் கடைப் பையன்களும் மூட்டை தூக்கும் தொழிலாளர்களும் வந்து பார்த்துக்கொள்ளட்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், இரண்டு நிமிட வேலை. அதில் யாருடைய கசிவு தெரியவருகிறதோ, அவருக்குச் சங்கம் செய்த பெரிய உதவி அதுவாக இருக்கும்.

வணிகம் வளர்க. வணிகர் நலமுடன் வாழ்க.